கரிநாக்கும் எண்ணெய் முள்ளும்

குங்குமத்தை இஞ்சின் ஆயிலில் குழைத்தால் என்ன மணம் வரும் என்று உங்களில் பலருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து கருகின மாதிரி ஒரு கார நெடி முதலில் மூக்கில் ஏறும், பிறகு தொண்டையில் போய் உட்கார்ந்துகொண்டு மணிக்கணக்கில் இறங்காது. ஒவ்வோர் ஆயுத பூஜையன்றும் சேலத்தில் என் வீட்டு முக்கில் இருக்கிற ஆட்டோக்காரர்கள் வண்டியின் பின்மூடியைத் திறந்து இஞ்சினுக்கே பொட்டு வைத்துக் கொண்டாடும்போது, நான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எதிர்ச்சாரிக்குப் போய்விடுவேன். "டீச்சருக்குச் சாமி மேல என்ன கோவமோ" என்று அவர்கள் கேலி பேசுவது காதில் விழும். சாமி மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. கோபமெல்லாம் பதினோரு வயதில் நான் வைத்திருந்த வாயின் மேல்தான்; திறக்க வேண்டிய நேரத்தில் திறக்காமல் கிடந்த வாய் அது.

எங்கள் தோட்டத்து வீடு நாமக்கல்லுக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில், எந்தப் பக்கம் பார்த்தாலும் வானம் வரைக்கும் மேடு பள்ளம் இல்லாத வறண்ட காட்டில் இருந்தது. மோட்டார் ரூமை ஒட்டி ஓடு வேய்ந்த ஒரு கொட்டகை, அதற்குள் கறுப்பு நிறத்தில் ஒரு பழைய கார். எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் அதைக் கார் என்று சொல்ல மாட்டார்கள், "பிளசர்" என்பார்கள். அப்பாவுக்கு அவருடைய பெரியப்பாவிடமிருந்து வந்த வண்டி அது. நான் பிறப்பதற்கு முன்பே ஓட்டத்தை நிறுத்திவிட்டதால், எனக்கு நினைவு தெரிந்து அதன் பின் சீட்டில் பயணம் செய்தவை கோழிகள் மட்டும்தான். மூன்று ஈடு குஞ்சு பொரித்திருக்கிறது அந்தச் சீட்டில், விளையாட்டாகச் சொல்லவில்லை.

அந்த பிளசரைத் திரும்ப ஓடவைக்க வேண்டும் என்று அப்பாவுக்கு ஆவேசம் வந்ததற்குக் காரணம் என் அக்கா. எனக்கும் அவளுக்கும் பதினோரு வயது இடைவெளி. அவள் பிறந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தது அந்த வண்டியில்தானாம். மேட்டூரில் கட்டிக்கொடுத்து நாலு வருஷம் வயிற்றில் ஒன்றும் தங்காமல், போகிற இடமெல்லாம் நாலு பேர் நாலு விதமாகக் கேட்டு, அம்மா வேண்டாத கோயில் இல்லை என்று ஆன பிறகு ஒருநாள் நல்ல சேதி வந்தது. அப்பா அன்றைக்குக் கொட்டகைக்குப் போய் வண்டியின் மேலிருந்த கோழி எச்சத்தைத் தன் கையாலேயே சுரண்டினார். "ஏழாம் மாசம் வளைகாப்பு முடிஞ்சு எம்புள்ளய இந்த பிளசர்லதான் ஊட்டுக்குக் கூட்டியாருவேன்" என்றார். அம்மாவுக்கும் அது பிடித்துப்போய்விட்டது. பிறந்தபோது எப்படி வந்தாளோ அப்படியே பேரக்குழந்தையோடும் வரட்டும் என்று இருவருக்கும் ஒரே நினைப்பு.

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். வீட்டில் எனக்குப் பெயர் "கரிநாக்கு". என் வாயில் கெட்டது எது வந்தாலும் பலித்துவிடும் என்று பெயர் கட்டி வைத்திருந்தார்கள். கிணற்று மோட்டார் சத்தம் ஒரு மாதிரி இருக்கிறது என்று ஒருநாள் சொன்னேன், மறுநாள் அதன் காயில் கம்பி எரிந்துபோனது. சினை மாடு காலை மாற்றி மாற்றி நிற்கிறது என்றேன், கன்று செத்துப் பிறந்தது. எனக்குக் கண்ணும் காதும் கொஞ்சம் கூர்மை, அவ்வளவுதான்; இன்று என் வகுப்பில் ஒரு பிள்ளை அப்படி இருந்தால் கெட்டிக்காரி என்று தட்டிக்கொடுப்பேன். அன்றைக்கு எனக்குக் கிடைத்தது வாய் மேல் அடிதான். இஞ்சினைப் பிரித்துத் தார்ப்பாயில் பரப்பியிருந்த நாளில், "இது மறுபடி ஓடலைன்னா அக்கா எப்படி வரும்?" என்று கேட்டுத் தொலைத்தேன். அம்மா புறங்கையால் வாயில் ஒன்று வைத்தாள். "வாயும் வயிறுமா இருக்கறவ காரியம். இனி அந்த வண்டியப் பத்தி உன் வாயில ஒரு சொல்லு வந்துச்சுன்னா பாரு" என்றாள். உதட்டில் பல் குத்தி ரத்தம் வந்தது, அதற்குப் பிறகு அந்த வண்டியைப் பற்றி நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

இஞ்சினைப் பிரித்தவர் குமரேசன். நாமக்கல்லில் லாரி இஞ்சின் கட்டுகிற பட்டறை வைத்திருந்தார், எங்கள் பக்கத்து வழக்கில் "பிட்டர்". நாற்பது வயதுக்காரர், நான் பிட்டர் மாமா என்று கூப்பிடுவேன். அவருக்குக் கைராசி உண்டு என்று லாரிக்காரர்கள் நம்பினார்கள். புது இஞ்சின் கட்டினால் முதல் தடவை சாவியைத் திருப்புவதற்கு அவர் கைதான் வேண்டும் என்று காத்துக் கிடப்பார்கள். சாயங்காலம் பட்டறை வேலை முடிந்ததும் மொபெட்டில் வந்து, எங்கள் வண்டியை இரண்டு மாதமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டினார். வேலை செய்யும்போது பேச மாட்டார், வெற்றிலை போட மாட்டார், அவர் பக்கத்தில் யாராவது இருமினால்கூட நிமிர்ந்து பார்ப்பார்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மிச்சம் இருந்தது ஒரே ஒரு சாமான். இஞ்சின் பக்கவாட்டில் குமிழ் மாதிரி ஒரு நட்டு, அதைக் கழற்றினால் உள்ளே ஒரு ஸ்பிரிங், ஸ்பிரிங்குக்கு முன்னால் கட்டைவிரல் பருமனில் ஒரு சின்ன இரும்புக் கிண்ணம். "ஆயில் பிரஷர் வால்வு" என்றார். ஸ்பிரிங்கைப் புது ஸ்பிரிங் ஒன்றின் பக்கத்தில் நிறுத்தி, கண்ணைத் தரையோடு தரையாக வைத்து உயரம் பார்த்தார். இரண்டும் ஒரே உயரம், பழசே போதும் என்றார். பிறகு கிண்ணத்தின் வெளி முகத்தில் அரைக்கிற பசையைத் தடவி, வேப்பங்குச்சியில் செருகி, இஞ்சினில் அது போய் உட்காருகிற துளையின் வாயில் வைத்து, மோர் கடைகிற மாதிரி இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் குச்சியை உருட்டினார். கிர்ர் கிர்ர் என்று அந்தச் சத்தம் பல்லைக் கூச வைத்தது. எடுத்துக் கழுவிவிட்டு என்னைக் கூப்பிட்டு, "அம்மிணி, ஊட்டுல கண்மை இருக்குதா?" என்று கேட்டார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஓடிப்போய் அக்கா விட்டுப்போயிருந்த கண்மை டப்பாவை எடுத்து வந்தேன். அவர் கிண்ணத்தின் விளிம்பில் மையை மெல்லிசாகப் பூசி, அழுத்தி ஒரு சுற்றுச் சுற்றி எடுத்தார். மை எங்கேயும் அறுந்துபோகாமல் முழு வளையமாகப் பதிந்திருந்தால் கிண்ணம் சரியாக உட்காருகிறது என்று அர்த்தமாம். பதிந்திருந்தது. அப்போதுதான் முதல் தடவையாகச் சிரித்தார். மண்ணெண்ணெயில் கிண்ணத்தை மூன்று தடவை கழுவி, ஆயில் துணியில் சுற்றி, ஜன்னல் திண்டில் வைத்துவிட்டு அப்பாவிடம் சொன்னார்:

"ஏனுங்கண்ணா, இத்தினியூண்டு இருக்குதுன்னு நெனைச்சுராதீங்க. எண்ணெய் ஜாஸ்தியா முட்டுச்சுன்னா இது தொறந்து உடும், கம்மியாச்சுன்னா மூடிக்கும். ஒரு தூசு போயி இது தொறந்தவாக்குல நின்னுபோச்சுன்னா, பம்பு எவ்வளவு தள்ளுனாலும் அத்தனையும் கீழ தொட்டிக்கே போயிரும், மேல கிராங்குக்கு ஒரு சொட்டு ஏறாது. ஆயில் மீட்டர்ல இந்த முள்ளு பாதிக்கு மேல நிக்கோணும். படுத்துருச்சுன்னா அரை நிமிசந்தான், அதுக்குள்ள சாவியத் திருப்பி அணைச்சுப்போடோணும்."

அடுத்த இரண்டு நாளும் பட்டறையில் பூஜை, லாரிக்காரர்கள் விட மாட்டார்கள், அதற்கு மறுநாள் தானே வந்து மாட்டுவதாகச் சொன்னார். "அதுவரைக்கும் யாரும் தொட வேண்டாமுங்க" என்று போகும்போது இன்னொரு தடவை சொன்னார். அப்பா தலையை ஆட்டினார், நானும் ஆட்டினேன்.

எங்கள் வீட்டில் ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்கிற வேலை என்னுடையது. வீட்டின் சின்னப் பெண் கையால் வைத்தால் விளங்கும் என்பார்கள்; கரிநாக்குக்காரியின் கைக்கு மட்டும் எப்படி அந்த மரியாதை என்று நான் கேட்டதில்லை, எனக்கு அது பெருமையாக இருந்தது. மண்வெட்டி, கடப்பாரை, அரிவாள், மோட்டார் ஸ்டார்ட்டர், என் ஜியாமெட்ரி டப்பா என்று வரிசையாகச் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டே வந்தவளுக்கு ஜன்னல் திண்டு ஞாபகத்துக்கு வந்தது. வீட்டிலேயே அக்காவுக்காக உழைக்கப்போகிற சாமான் அதுதானே, அதற்குப் பொட்டு இல்லையா? துணியைப் பிரித்தேன். கிண்ணத்தின் உட்குழி அச்சு அசலாகக் குங்குமச் சிமிழ் மாதிரி இருந்தது. பிட்டர் மாமாவே கண்மை வைத்துவிட்டார், இனிப் பொட்டு வைக்க வேண்டியதுதானே பாக்கி என்று தோன்றியது. அவர் மையை மூன்று தடவை கழுவினதைப் பார்த்த கண்தான் இது, பார்த்ததை யோசிக்கவில்லை. கடையில் வாங்கின குங்குமம், மணல்போல நறநறவென்று இருந்தது. அதைக் குழி நிறைய வைத்து, கொட்டிப்போகாமல் இருக்கச் சந்தனத்தால் அமுக்கி, ஸ்பிரிங்கோடு பூஜைப் பலகையில் நட்ட நடுவில் வைத்தேன். அம்மா பார்த்துவிட்டு, "பரவால்லியே" என்றாள்.

மறுநாள் விஜயதசமி. அப்பா காலண்டரைப் பார்த்தார், காலையில் முக்கால் மணி நேரம்தான் நல்ல நேரம். அந்த நேரத்தில் வண்டியைக் கிளப்பாமல் விட்டால் பிறகு எப்போது கிளப்புவது என்று அவருக்குப் பரபரப்பு தொற்றிக்கொண்டது. "ஒரு நட்டு மாட்டறதுக்கு பிட்டர் வரோணுமா?" என்றார். சக்கரத்துக்கு வைக்க நாலு எலுமிச்சம்பழம் பறித்து வரச் சொல்லி என்னை அனுப்பினார். நான் திரும்பி வரும்போது பலகையின் நடுவில் கிண்ணம் இல்லை, அது இருந்த இடத்தில் வட்டமாக ஒரு சிவப்புக் கறை மட்டும் இருந்தது. அப்பா குமிழ் நட்டை ஸ்பேனரால் இறுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் மண்ணெண்ணெய் டின் இருக்கிறதா என்று தேடினேன், காணோம்.

"ஏனுங்கப்பா..." என்று ஆரம்பித்தேன்.

"வாய மூடு" என்று பின்னாலிருந்து அம்மா, கையில் கற்பூரத் தட்டோடு. கண்ணை உருட்டின உருட்டில் என் நாக்கு உள்ளே போய்விட்டது.

வண்டி மூன்றாவது திருப்பில் கிளம்பியது. முள் துள்ளிக்கொண்டு பாதிக்கு மேலே போய் நின்றது, சக்கரம் நாலு பழத்தையும் நசுக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தது, அம்மா அழுதுவிட்டாள். ஒருவேளை அப்பா கழுவித்தான் மாட்டியிருப்பார் என்று நான் என்னையே தேற்றிக்கொண்டேன்.

அடுத்த நாள் குமரேசன் வந்தார். ஸ்குரூ டிரைவரின் ஒரு முனையை இஞ்சின் மேலும் மறுமுனையைக் காதிலும் வைத்து வெகுநேரம் கேட்டார். "கழுவித்தானுங்கண்ணா மாட்டுனீங்க?" என்றார். "பின்ன? எனக்கு அதுகூடத் தெரியாதா?" என்று அப்பா சிடுசிடுத்தார். "ஒரு தடவ கழட்டிப் பாத்துட்டுப் போட்டரட்டுங்களா, அஞ்சு நிமிசந்தானுங்க." அப்பாவின் முகம் மாறிவிட்டது. விஜயதசமியன்று நல்ல நேரத்தில் மாட்டினதைக் கழற்றுவதா என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் யாரும் பேச மாட்டார்கள், அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். மொபெட்டைக் கிளப்புவதற்கு முன் ஒரு தடவை திரும்பி வண்டியைப் பார்த்தார். நான் கொட்டகைத் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். "பிட்டர் மாமா" என்று கூப்பிடுவதற்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

பத்து நாள் கழித்து மேட்டூரில் வளைகாப்பு. அதுவரை வண்டி கோயிலுக்கும் சந்தைக்கும் போய்வந்ததோடு சரி, நீண்ட ஓட்டம் அதுதான் முதல் தடவை. போகும்போது ஒரு குறையும் இல்லை. கை நிறையக் கண்ணாடி வளையலோடு அக்காவைப் பின் சீட்டில் உட்காரவைத்து, பக்கத்தில் அம்மாவும் முன்னால் அப்பாவும் நானுமாக மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கிளம்பினோம். அக்காவின் மாமியார் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "விளக்கு வைக்கறதுக்குள்ள ஊடு சேந்துருங்க, வழியில எங்கியும் நிறுத்தாதீங்க, நல்ல பேச்சே பேசிட்டுப் போங்க" என்று சொல்லி அனுப்பினார். அம்மா என்னைத்தான் பார்த்தாள்.

எடப்பாடி தாண்டுகிற வரை முள் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. அதற்குப் பிறகு ஒரு மேட்டில் கொஞ்சம் இறங்கி, சமதளத்துக்கு வந்ததும் ஏறியது. அடுத்த மேட்டில் இன்னும் கொஞ்சம் இறங்கியது, ஏறும்போது பழைய இடத்துக்கு வரவில்லை. வெளியே மழை பெய்ய வேண்டிய மாசத்தில் வெயில் தார் ரோட்டைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. சங்ககிரி மலை பக்கவாட்டில் வந்து, பின்னால் போயிற்று. அக்கா பிறந்த வீட்டுக்கு வருகிற சந்தோஷத்தில் எதை எதையோ பேசிக்கொண்டு வந்தாள், அவள் கை அசைகிறபோதெல்லாம் வளையல்கள் கலகலத்தன. நான் முள்ளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பாதி, கால், அரைக்காலுக்கும் கீழே. சொன்னால் பலித்துவிடும் என்று ஒரு பயம். சொல்லாவிட்டாலும் அது இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது என்று கண் காட்டுகிறது. கண்ணை நம்புவதா நாக்குக்குப் பயப்படுவதா என்று தெரியாமல், கீழ் உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்பா ஒரு தடவை ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து, மீட்டர் கண்ணாடியை நகத்தால் தட்டினார். "பழைய மீட்டரு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார், வண்டியை நிறுத்தவில்லை.

முள் படுத்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று நான் மனசுக்குள் எண்ண ஆரம்பித்தேன். இருபதைத் தாண்டும்போது அடியிலிருந்து "டொக், டொக்" என்று யாரோ சுத்தியலால் தட்டுகிற மாதிரி சத்தம் வந்தது. "அப்பா, முள்ளு!" என்று நான் கத்தினதும் அந்தச் சத்தம் இறுகி நின்றதும் ஒரே நேரம். இஞ்சின் கட்டிக்கொண்டதில் பின் சக்கரங்கள் பூட்டு விழுந்த மாதிரி நின்றுபோய், வண்டி குறுக்கே திரும்பி இழுத்துக்கொண்டு போய் ஒரு புளியமரத்தடியில் இடித்து நின்றது. பின்னால் வந்த ஒரு போர்வெல் ரிக் லாரி ஹாரனை அலறவிட்டுக்கொண்டு, எங்களை உரசாத குறையாக ஒதுங்கிப் போய் நின்றது. அக்கா முன் சீட்டின் முதுகில் மோதிக் கீழே சரிந்திருந்தாள். வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள், வளையல்கள் நொறுங்கி மடியிலும் கால்மிதியிலும் கிடந்தன. அம்மா முதலில் பார்த்தது அந்த வளையல்களைத்தான், பிறகு என்னை.

ரிக் லாரிக்காரர்கள்தான் எங்களை ஏற்றித் திருச்செங்கோட்டு ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். குழந்தை அன்றைக்கே பிறந்தது. பெண் குழந்தை, இரண்டு நாள் இருந்தது. அடிபடாமல் இருந்தாலும் சில குழந்தைகள் இப்படி முன்கூட்டி வந்துவிடுவது உண்டு என்று டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார், அதைக் கேட்கிற நிலையில் யாரும் இல்லை. நான் பாவாடை மடியில் வளையல் துண்டுகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவற்றை எங்கே போடுவது என்று யாரைக் கேட்பது என்று தெரியவில்லை.

ஒரு வாரம் கழித்து, கயிறு கட்டி இழுத்து வந்த வண்டியைப் பிரிக்கக் குமரேசன் வந்தார். அப்பா கட்டிலைப் போட்டு எதிரே உட்கார்ந்திருந்தார், உறவுக்காரர்கள் நாலைந்து பேர் நின்றார்கள். எண்ணெய்த் தொட்டியைக் கழற்றினபோது அடியில் வெள்ளிப் பொடி மாதிரி மின்னியது, பேரிங் உருகிய தூள். அவர் நேராகக் குமிழ் நட்டுக்குப் போனார். ஸ்பிரிங் வந்தது, கிண்ணம் வரவில்லை. கம்பியை விட்டு நெம்பினார். வெளியே வந்த கிண்ணத்தின் குழியில் பாதி கரைந்து பாதி இறுகின சிவப்புக் கறுப்புச் சேறு. அவர் அதை மூக்கருகே கொண்டுபோனார். பிறகு நிமிர்ந்து, ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்து, என் நெற்றியில் பார்வையை நிறுத்தினார். அன்றைக்கும் நான் குங்குமம் வைத்திருந்தேன். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, கிண்ணத்தைக் கைக்குள் மூடி, அழுக்குத் துணியால் நிதானமாகத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"என்னடா?" என்றார் அப்பா.

"ஸ்பிரிங்குதானுங்கண்ணா. சூட்டுல உயரம் கொறஞ்சு உக்காந்துபோச்சு. பழசே போதும்னு போட்டவன் நான், என் தப்புத்தானுங்க."

அப்பா எழுந்தார். என் அப்பா வாயிலிருந்து அதுமாதிரி வார்த்தைகள் வந்து நான் கேட்டதில்லை. கடைசியில், எல்லார் காதும் கேட்க, "கைராசி கெட்ட நாயி, உன்னக் கொட்டாயிக்குள்ள உட்டம் பாரு" என்றார். குமரேசன் தலையைக் குனிந்தபடி சாமான்களைப் பையில் எடுத்துப் போட்டார். அவர் கையிலிருந்து நழுவின ஸ்பிரிங் உருண்டு என் காலடிக்கு வந்தது. அதை நான் மிதித்துக்கொண்டேன், யாரும் பார்க்கவில்லை.

ஓர் இஞ்சின் நின்றுபோனால் லாரிக்காரர்கள் பிட்டரை மன்னித்துவிடுவார்கள். வளைகாப்பு வண்டி நின்று குழந்தை போய்விட்டது என்றால் மன்னிக்க மாட்டார்கள். பொங்கலுக்குள் அவர் பட்டறையில் நின்ற லாரிகள் ஒவ்வொன்றாக வேறு பட்டறைக்குப் போய்விட்டன, அவர் கையால் சாவி போட ஒருவரும் தயாராக இல்லை. அடுத்த ஆயுத பூஜைக்கு முன்பே பட்டறையை மூடிவிட்டுக் குமாரபாளையம் போனார், அங்கே விசைத்தறி ரிப்பேர் பார்ப்பதாகச் சொன்னார்கள். எங்கள் வீட்டில் அவர் பேரை யாராவது எடுத்தால் அம்மா எழுந்து உள்ளே போய்விடுவாள். அம்மா அப்படியே போய்ச் சேர்ந்தும்விட்டாள்.

போன மாதம் குமாரபாளையத்தில் பஸ் நின்றபோது ஜன்னல் வழியாக அவர் முகத்தைப் பார்த்தேன், கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில். வயதான முகம், ஆனாலும் தெரிந்தது. பெயருக்கு முன்னால் "தறி மெக்கானிக்" என்று போட்டிருந்தார்கள். பிட்டர் என்ற சொல்கூட அவரிடம் மிஞ்சவில்லை. பஸ் கிளம்பி, பவானிக்குப் போகிற காவிரிப் பாலம் தாண்டுகிற வரை நான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அப்பா இப்போது சேலத்தில் என்னோடுதான் இருக்கிறார், எண்பதை நெருங்குகிறார். அன்று சாயங்காலம் வீடு திரும்பியதும் காப்பியைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னேன், குமரேசன் போய்விட்டார் என்று. எந்தக் குமரேசன் என்று அவர் கேட்கவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் தொண்டையில் உட்கார்ந்திருந்ததை அப்போது வெளியே தள்ளினேன். "அந்தக் கிண்ணத்துல குங்குமம் வச்சது நாந்தானுங்கப்பா."

"தெரியும் சாமி" என்றார், சின்ன வயதிலிருந்து என்னைச் செல்லமாகக் கூப்பிடுகிறபடியே.

டிவியில் ஏதோ செய்தி ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தபடியே பேசினார். "மாட்டறப்பவே பாத்தேன். குழியில செவப்பா இருந்துச்சு. சாமி குங்குமம், அத எதுக்குத் தொடைக்கறதுன்னு உட்டுட்டேன். வழியில முள்ளு எறங்கறப்பவும் தெரிஞ்சுது. இன்னம் கொஞ்ச தூரந்தான, விளக்கு வைக்கறதுக்குள்ள ஊடு போயிரலாம்னு..."

"பின்ன ஏனுங்கப்பா அவர அப்படிப் பேசுனீங்க?"

"அவன் ஸ்பிரிங்குன்னான். நான் அதப் புடிச்சுக்கிட்டேன்." டம்ளரைக் கீழே வைத்தார். "அக்காகிட்டச் சொல்லிராத சாமி."

பதினோரு வயதுப் பெண்ணைக் காப்பாற்ற அந்த மனிதர் தன் கைராசியைக் கொடுத்தார் என்றுதான் இத்தனை காலமும் நினைத்து உருகிக்கொண்டிருந்தேன். அதற்குப் பின்னால் என் அப்பாவும் ஒளிந்துகொண்டிருந்தார் என்பது தெரிந்தபோது எனக்கு வந்தது அழுகை இல்லை, கோபம். அன்று இரவு அவருக்குச் சோறு போட என்னால் முடியவில்லை, என் மகன்தான் போட்டான்.

அந்த பிளசர் பழைய இரும்புக்குப் போய்ப் பல வருஷம் ஆகிறது. கொட்டகை இல்லை, ரோட்டை அகலப்படுத்தியதில் அந்தப் புளியமரமும் இல்லை. இப்போதைய கார்களில் எண்ணெய்க்கு முள்ளே கிடையாது, ஆபத்து வந்தால் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு எரியும், அவ்வளவுதான். என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த ஸ்பிரிங். பழைய வண்டிகள் பார்க்கிற ஒருவரிடம் கொடுத்துப் புதிய ஒன்றின் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கச் சொன்னேன். இரண்டும் ஒரே உயரம் என்றார். இவ்வளவு பழைய ஸ்பிரிங் உட்காராமல் இருப்பது அபூர்வம், யார் பார்த்துப் போட்டது என்று கேட்டார். பிட்டர் குமரேசன் என்று சொன்னேன்.

அப்பா கேட்டுக்கொண்டபடி அக்காவிடம் நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, எழுதியிருக்கிறேன். நான் எது எழுதினாலும் முதலில் படிப்பது அவள்தான். வருகிற ஞாயிற்றுக்கிழமை மேட்டூரிலிருந்து வருகிறாள். பக்கத்து அறையிலிருந்து அப்பா காலையிலிருந்து இரண்டு தடவை கேட்டுவிட்டார், என்ன சாமி எழுதிக்கிட்டு இருக்கற என்று.